கானாடுகாத்தானில் நிற்கும் 370இசட்: எந்த பெட்ரோல், முதலில் என்ன வேலை?

பள்ளத்தூர் ரோடு (கேள்வி)

வணக்கம். நிசான் 370இசட், 2011 மாடல், ஆறு கியர் மேனுவல், 48,000 கி.மீ. ஓடிய வண்டி. இப்போது கைமாறி கானாடுகாத்தானுக்கு வந்திருக்கிறது. வீட்டுப் பின்கட்டை ஒட்டிய கார் கொட்டகையில்தான் நிற்கும். பொங்கல், படைப்பு, கல்யாணம், மணிவிழா என்று ஆட்கள் ஊருக்கு வரும்போது ஓடும். நடுவில் இரண்டு மூன்று மாதம் அசையாமல் நிற்பதும் உண்டு. வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார்.

கேட்க வேண்டியவை:

இணையத்தில் கிடைத்த அமெரிக்க மேனுவலில் பெட்ரோல் 91 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் சாதா பெட்ரோலே போதுமா, இல்லை இந்தியன் ஆயிலின் உயர்ரகப் பெட்ரோலான எக்ஸ்பி95, எக்ஸ்பி100 என்று போக வேண்டுமா? 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 இந்த வயது வண்டிக்கு ஆகுமா? டேங்கில் கால்வாசி பழைய பெட்ரோல் கிடக்கிறது, எப்போது போட்டது என்று தெரியவில்லை. சர்வீஸ் புத்தகம் பாதிதான் இருக்கிறது. காரைக்குடியில் கை சுத்தமான மெக்கானிக் இருக்கிறார், ஆனால் இந்த மாடலைத் தொட்டதில்லை. அவரிடம் முதலில் என்ன வேலை சொல்வது?

ஆறு சிலிண்டர்

முதலில் அந்த 91. அமெரிக்கப் புத்தகத்தில் இருப்பது ஏகேஐ கணக்கு. ஆக்டேன் என்பது அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. அதை ரான், மான் என்று இரண்டு விதமாக அளப்பார்கள். இரண்டின் சராசரி ஏகேஐ. நம் ஊர் பங்குகளில் சொல்வது ரான் மட்டும். அந்த 91 இங்கே 95, 96 ரானுக்குச் சமம். இன்ஜினின் கம்ப்ரஷன் 11:1, டர்போ கிடையாது. அதனால் 95 ரானுக்குக் குறையாமல் போடுங்கள்.

இப்போது சாதா பம்பில் வரும் இ20-க்கு ஆக்டேன் 95 என்பது அரசுக் கணக்கு. இ20 வருவதற்கு முன்பு சாதா பெட்ரோல் 91 ரான்தான். ஆக ஆக்டேன் என்று மட்டும் பார்த்தால் இன்றைய சாதா பெட்ரோலிலேயே இந்த வண்டி ஓடிவிடும். சிக்கல் ஆக்டேனில் இல்லை, எத்தனாலில் இருக்கிறது. 2011 வண்டியின் எரிபொருள் குழாய், ஓ-ரிங், டேங்குக்குள் இருக்கும் பம்ப் எல்லாம் 10 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை. தினம் ஓடும் வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் ஒரே பெட்ரோல் மாதக்கணக்கில் அந்த ரப்பரை ஊறவைத்துக்கொண்டிருக்கும். எனவே உங்களுக்கு ஆக்டேனைவிட பெட்ரோலின் வயதும் அதில் உள்ள எத்தனால் அளவும்தான் முக்கியம்.

எக்ஸ்பி100-ல் எத்தனால் சேர்ப்பதில்லை என்கிறார்கள். பில்லில் அது இருக்காது, ஆனால் நீங்களே பார்த்துவிடலாம். 100 மில்லி அளவுக் குடுவை ஒன்று வாங்குங்கள், கண்ணாடியில் கோடு போட்டது. 20 மில்லி கோடு வரை தண்ணீர், அதன் மேல் 100 வரை பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், கீழ்த் தண்ணீர்க் கோடு ஏறும். கோடு 20-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28-க்குப் பக்கம் என்றால் 10 சதவீதம், 35, 36 என்றால் 20 சதவீதம். கொல்லையில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

100 சுத்தமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. பாதி 100, பாதி சாதா இ20 என்று கலந்தால் எத்தனால் 10 சதவீதத்துக்கு இறங்கும், ஆக்டேன் 97-ஐ ஒட்டி நிற்கும். மேனுவல் அனுமதிக்கும் எத்தனால் அளவும் அந்த 10 சதவீதம்தான். ஓட்டும் மாதங்களில் இந்தக் கலவை போதும். வண்டியை நிறுத்தப் போகும் கடைசி டேங்க் மட்டும் முழுக்க 100 போடுங்கள். 95 என்று தனியாக விற்பதை எத்தனால் இல்லாதது என்று நினைத்து வாங்காதீர்கள். ஆக்டேன் எண் வேறு, எத்தனால் அளவு வேறு.

100 எல்லா பங்கிலும் கிடைக்காது. மதுரை, திருச்சி போகும்போது நிரப்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பங்குக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். டேங்க் 72 லிட்டர், ஒரு தடவை நிரப்பினால் உங்கள் ஓட்டத்துக்கு வெகுநாள் வரும். கேனில் வாங்கி வீட்டில் அடுக்குவது வேண்டாம். தேக்கு உத்தரமும் மரத்தூணும் இருக்கும் வீட்டில் அது விஷப்பரீட்சை.

மைலேஜ் குறைவது பற்றியும் கேட்பீர்கள். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் வெப்ப ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் இ20-ல் கலப்பில்லாத பெட்ரோலைவிட 7 சதவீதம் வரை குறையும்.

டேங்கில் கிடக்கும் பழையதை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறமும் வழக்கமான பெட்ரோல் வாடையும் இருந்தால் கால் டேங்க் என்பது 18 லிட்டர்தான், மேலே 45, 50 லிட்டர் புதிய 100 ஊற்றிக் கலந்து நிதானமாக ஓட்டித் தீர்த்துவிடலாம். நிறம் தேன் போல் கறுத்து வார்னிஷ் வாடையோ புளித்த வாடையோ அடித்தால் ஒரு சொட்டுகூட விடாமல் இறக்குங்கள். பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், மிச்சம் பிசினாகி இன்ஜெக்டர் முனையில் படியும். டியூப் விட்டு வாயால் உறிஞ்சும் வித்தை வேண்டாம். இன்ஜின் பக்கம் வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, வண்டியின் பம்பையே ஓடவிட்டு இறக்கச் சொல்லுங்கள். குழாயைக் கழற்றும் முன் பம்ப் ஃப்யூஸை எடுத்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தீர்க்க வேண்டும். திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க.

செம்மண் ஓட்டி

ஆறு சிலிண்டர் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். வருடத்துக்கு 2,000 கி.மீ. ஓடாத வண்டிக்குக் கலவைக் கணக்கு எதற்கு? இரண்டு பில்லை வைத்துக்கொண்டு லிட்டர் எண்ணுவதைவிட எப்போதுமே 100 போட்டுவிடலாம். வருடச் செலவில் வித்தியாசம் ஒரு டயர் விலைகூட வராது. ஆனால் 100 போட்டால் பவர் ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 95-க்குச் செய்த இன்ஜினுக்கு அதற்கு மேல் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரியாது. ஆக்டேன் குறைந்தால்தான் நஷ்டம்: இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை போகும், சூடு ஏறும். அதிலும் மே மாத வெயிலில் ஆறாவது கியரில் 50-ல் போய்க்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் தரைக்கு மிதித்தால் நல்ல பெட்ரோலிலும் தட்டும். கியரை இறக்குங்கள்.

இன்னொன்று, பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் மருந்துகள். இந்த இன்ஜினில் இன்ஜெக்டர் வால்வுக்குப் பின்னாலிருந்தே பீய்ச்சுகிறது, பெட்ரோலே வால்வைக் கழுவிவிடும். நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வண்டிகளுக்கு வரும் கரித்தொல்லை இதற்கு இல்லை. நிறுத்தும்போது ஊற்றும் ஸ்டெபிலைசருக்கு மட்டும் அர்த்தம் உண்டு. அதுவும் பாட்டிலில் போட்ட அளவுதான். ஊற்றிய பின் 15 நிமிடம் ஓட்டினால்தான் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும்.

ஏர் ஃபில்டர் இதில் இரண்டு, இடது ஒன்று வலது ஒன்று. பழகாத ஆள் ஒன்றை மாற்றிவிட்டு மூடிவிடுவார், எண்ணி வாங்குங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசி மாவு மாதிரி நைசானது. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சிவந்திருந்தால் மாற்றுங்கள், கம்ப்ரசர் காற்றடித்து மறுபடி போடாதீர்கள். காற்றடித்தால் பேப்பரின் நுண்துளை விரிந்து தூசி உள்ளே போகும். எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் வேண்டவே வேண்டாம். எண்ணெய் போய், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் ஒட்டும், இந்த வண்டியில் அதுவும் இரண்டு.

டூல் பாக்ஸ்

பெட்ரோல் பேச்சு இருக்கட்டும் அண்ணே. இந்த மாடல் வாங்கினா மொத வேலை ஆயில் பிரஷர் பாக்கிறதுதான். அதப் பாக்காம வேற எதுலயும் காசு போடாதீங்க.

காரணம் சொல்றேன். முன்பக்க டைமிங் கவருக்குப் பின்னால ஆயில் போற வழிய மூடுற கேஸ்கெட் ரெண்டு இருக்கு. ஆரம்ப வருஷ வண்டியில அது பேப்பர் கேஸ்கெட். சூடும் அழுத்தமும் பட்டுப் பட்டு ஓரம் பிஞ்சிரும். ஆயில் வெளிய ஒழுகாது, உள்ளுக்குள்ளயே ஒழுகும், அதனால தரையில சொட்டு தெரியாது. பிரஷர் மெல்லமா இறங்கும். டேஷ்ல இருக்கிற மூணு வட்டத்துல ஒண்ணு ஆயில் டெம்பரேச்சர், அத பிரஷர்னு நெனச்சு ஏமாறாதீங்க. இந்த வண்டியில பிரஷர் மீட்டரே கெடையாது, செவப்பு லைட் மட்டும்தான், அது எரியும்போது பாதி கத முடிஞ்சிருக்கும். இன்டேக் வால்வு திறக்கிற நேரத்த மாத்துற அமைப்பு ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது, அங்க எர்ரர் கோட் வந்தாலும் மொதல்ல பிரஷரத்தான் சந்தேகப்படணும்.

எப்படிப் பாக்கிறது: பிரஷர் ஸ்விட்ச்சக் கழட்டிட்டு அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் மாட்டணும். மரை 1/8 பிஎஸ்பிடி. கடையில சும்மா கேட்டா என்பிடி அடாப்டர் குடுப்பாங்க, ரெண்டு மூணு சுத்து ஏறும், அப்புறம் முறுக்கினா மரை போச்சு. வண்டிய ஓட்டி ஆயில நல்லா சூடாக்கிட்டு, ஆயில் மீட்டர் 80 டிகிரி தாண்டின பிறகு ஐடில்ல பாருங்க. குறைஞ்சபட்சம் 14 பிஎஸ்ஐ. 2,000 ஆர்பிஎம்ல 43. இதுக்குக் கீழ இருந்தா வண்டிய ஓட்டாதீங்க. 14, 15-ன்னு நூல்ல நின்னாலும் கேஸ்கெட் வேலைக்குத் தயாராகணும். குளிர்ந்த இன்ஜின்ல பாத்து 60 வருதுன்னு சந்தோஷப்படுறதுல அர்த்தம் இல்ல.

வேலை வந்தா பெரிய வேலை. முன் கவர் மொத்தமும் கழட்டணும். புதுசா வர்றது உலோக கேஸ்கெட், அதத்தான் கேட்டு வாங்கணும். அவ்வளவு தூரம் திறந்தா வாட்டர் பம்ப்பையும் மாத்திருங்க, அதுவும் அந்தக் கவருக்குள்ளதான், டைமிங் செயின்லதான் சுத்துது. செயின் டென்ஷனரும் சேத்து. கூலி ஒரே கூலி. பார்ட்ஸ் எல்லாம் வெளிநாட்டுல இருந்துதான் வரும், சேசி நம்பர் குடுத்து ஆர்டர் போடுங்க. பார்ட் கைக்கு வராம இன்ஜினப் பிரிக்க விடாதீங்க.

ஆயில் 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக், ஃபில்டரோட 4.9 லிட்டர். 5 லிட்டர் கேன மொத்தமா கவுத்திட்டு வராதீங்க, நாலரை ஊத்தி, ஓடவிட்டு, நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாத்து மிச்சத்த ஊத்துங்க. டிரெயின் போல்ட் 34 நியூட்டன் மீட்டர், வாஷர் புதுசு. நம்ம வெயிலுக்குக் கெட்டியான ஆயில் போடலாமேம்பாங்க. பிரஷர் குறையிறத மறைக்க 20டபிள்யூ-50 ஊத்தி வித்த வண்டி எத்தனையோ இருக்கு. அதனால கைக்கு வந்ததும் ஆயில மாத்திட்டு அப்புறம் பிரஷர் பாருங்க, பழைய ஆயில்ல வர்ற கணக்கு செல்லாது.

கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-85 ஜிஎல்-4, மூணு லிட்டர் வாங்கினா போதும். பின் டிஃபரென்ஷியலுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-5, 1.4 லிட்டர். ரெண்டும் ஒரே வாடை அடிக்கும், மாத்தி ஊத்திராதீங்க. ஜிஎல்-5-ல இருக்கிற கந்தக மருந்து கியர்பாக்ஸ் சிங்க்ரோ பித்தளைய அரிக்கும். கழட்டும்போது மேல ஊத்துற ஓட்டை போல்ட்டத்தான் முதல்ல லூஸ் பண்ணணும். கீழ இறக்கிட்டு மேல திறக்கலேன்னா வண்டி அங்கயே நிக்கும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இந்த வேல எதையும் ஆத்தங்குடிக் கல் பதிச்ச இடத்துல செய்யாதீங்க. ஜாக்கி ஊணினா கல் விரியும், ஆயில் சிந்தினா சிமெண்ட் உறிஞ்சிக்கும், கறை ஜென்மத்துக்கும் போகாது. முன்பக்கம் ரொம்பத் தாழ்வு, சாதா ஜாக்கி உள்ள போகாது. ரெண்டு அங்குலப் பலகைமேல முன் சக்கரத்த ஏத்திட்டு அப்புறம் தூக்குங்க. ஸ்டாண்ட் வைக்காம அடியில போகாதீங்க.

பள்ளத்தூர் ரோடு

எல்லாருக்கும் நன்றி. ஆயில், ஃபில்டர் மாற்றி, கேஜ் மாட்டிப் பார்த்தாயிற்று. சூட்டில் ஐடில் 21 பிஎஸ்ஐ, 2,000-ல் 48.

டேங்க் பெட்ரோல் நிறம் சரி, வாடை சரி. குடுவையில் கோடு 34-க்கு ஏறியது. ஓபிடி ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்ற எண்) என்று வருவதையும் மெக்கானிக் குறித்துக் கொடுத்தார்: பேங்க் ஒன்று, அதாவது இன்ஜினின் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர், +7, மறுபக்கமான பேங்க் இரண்டு +13. ஐடிலிலும் 2,500-லும் ஏறக்குறைய அதேதான். இது இ20-னால் வருவதா? வண்டியில் எர்ரர் லைட் எதுவும் இல்லை.

ரிசர்வாயரில் கிளட்ச் ஆயில் கறுப்பாக இருக்கிறது. பெடல் சரியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். வீட்டுத் தொட்டியில் மழைத்தண்ணீர் இருக்கிறது, போர் தண்ணீரும் இருக்கிறது. கூலண்டில் எதைச் சேர்ப்பது?

ஆறு சிலிண்டர்

34 என்றால் 80 மில்லியில் 14 மில்லி எத்தனால், 17, 18 சதவீதம். கொஞ்சம் பெட்ரோலும் தண்ணீரும் கலக்கும் இடத்தில் கோடு தெளிவாக இராது, ஆகவே இ20 என்றே வைத்துக்கொள்ளலாம்.

ட்ரிம் விஷயத்துக்கு வருவோம். எத்தனாலில் ஆக்சிஜன் கலந்திருப்பதால் அதே காற்றுக்கு அதிகம் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டர் அதைத் தானே கூட்டிக்கொள்ளும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு +0-ல் நிற்கும் வண்டி இ20-ல் +5 முதல் +8 வரை காட்டினால் அது நோய் அல்ல. உங்கள் பேங்க் ஒன்று அந்தக் கணக்குதான். பேங்க் இரண்டின் +13-ல் பாதிக்கு மேல் பெட்ரோலால் வந்தது, மிச்சம் வேறு எதனாலோ. இரண்டு பேங்கும் ஒரே டேங்கில்தான் குடிக்கின்றன, எனவே ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் காட்டினால் பெட்ரோலைக் குற்றம் சொல்ல முடியாது. பம்பையும் சொல்ல முடியாது.

இந்த இன்ஜினில் இரு பக்கத்துக்கும் தனித்தனி ஏர் ஃபில்டர், தனித்தனி மாஃப், தனித்தனி த்ராட்டில். மெக்கானிக்கிடம் சொல்லி இரண்டு மாஃப் சென்சார்களையும் இடம் மாற்றிப் போட்டு, ட்ரிம்மை அழித்துவிட்டு, 40, 50 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். +13 எதிர்ப்பக்கம் போய்விட்டால் சென்சார் அழுக்கு. மாஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, கையால் தொடாமல் காயவிட்டுப் போடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அதை அழித்துவிடும். எண் அதே பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து ஏர் ஹோஸ் கிளாம்ப், மாஃபுக்குப் பிறகு வரும் ரப்பர் மடிப்பு, இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திருப்பி இழுக்கும் பிசிவி குழாய் மூன்றையும் பாருங்கள். எலி கடித்த ஓட்டைகூட இருக்கலாம், நின்ற வண்டிதானே. ஐடிலில் அதிகமாகவும் ஆர்பிஎம் ஏற்றினால் குறைவாகவும் இருந்தால் மேனிஃபோல்ட் பக்கம் காற்றுக் கசிவு என்பேன். உங்களுக்கு இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் சென்சார் மேல்தான் என் பந்தயம்.

இரண்டு பேங்கும் பின்னாளில் சேர்ந்து +12, +15 என்று ஏறினால் அப்போது பம்பைப் பாருங்கள். பெட்ரோல் ஃபில்டர் தனியாக வெளியே இல்லை, டேங்குக்குள் பம்போடு சேர்ந்தது. பழைய டேங்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து அதில் அடைக்கும். இதை எதிர்பார்த்துத்தான் நிறுத்தப் போகும் கடைசி டேங்கை முழுக்க 100 போடுங்கள் என்றேன். நூறு கி.மீ. ஓடிய பின் பெட்ரோல் குழாய் மூட்டுகளில் ஈரமோ வாடையோ இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தண்ணீரும் எத்தனாலும் பற்றி ஊரில் ஒரு பயம் உண்டு, காற்றிலிருந்தே தண்ணீர் உறிஞ்சிப் பிரிந்துவிடும் என்று. 10 சதவீதக் கலப்பே அரை சதவீதம் வரை தண்ணீரைத் தாங்கும். அரை டேங்கில் அது 180 மில்லி. இ20 அதைவிட அதிகம் தாங்கும். மூடி இறுக்கமாக இருந்தால் அவ்வளவு தண்ணீர் காற்றிலிருந்து வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பங்கின் நிலத்தடித் தொட்டியில் இறங்கும் தண்ணீர்தான் ஆபத்து. பெருமழைக்கு மறுநாள் நிரப்பாதீர்கள், டேங்கர் இறக்கிக்கொண்டிருக்கும்போதும் நிரப்பாதீர்கள். உங்கள் பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள்.

கூலண்ட்: போர் தண்ணீர் ஆகவே ஆகாது, உப்பு ரேடியேட்டருக்குள் வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீர் மென்மையானதுதான், ஆனால் ஓட்டுத் தூசியும் தொட்டிச் சுண்ணாம்பும் கலந்தது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், பாதிக்குப் பாதி கூலண்ட். நிறம் பார்த்து வாங்காமல், ஜப்பான் வண்டிக்கான பாஸ்பேட் வகை நீண்டகாலக் கூலண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

டூல் பாக்ஸ்

21 நல்ல பிரஷர். கேஸ்கெட்ட இப்போ தொடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ ஆயில் மாத்தும்போது இதே மாதிரி சூட்டுல பாத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. 21, 20, 16-ன்னு இறங்குற வேகம்தான் சேதி சொல்லும்.

கிளட்ச் ஆயில் கறுப்புன்னா உடனே மாத்துங்க. இந்த வண்டியில கிளட்ச்ச அமுக்குற ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் மூக்குக்குள்ள, ஷாஃப்ட்டச் சுத்தி இருக்கு. அதோட சீல் தேயிற பொடிதான் அந்தக் கறுப்பு. போகும்போது சொல்லாமப் போகும்: பெடல் தரையிலயே ஒட்டிக்கும், ரிசர்வாயர் காலியாகும், பெல் ஹவுசிங் அடியில ஈரம் தெரியும். திருமயம் ரோட்டுல நடு ராத்திரி நின்னா டோ வண்டிதான். டாட் 3 ஆயில், பாட்டில் புதுசா உடைச்சது. சிரிஞ்சால ரிசர்வாயர உறிஞ்சி எடுத்துட்டு புதுசு ஊத்தி, கீழ ப்ளீட் நிப்பிள்ல தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க. மாசம் ஒரு தடவ நிறம் பாருங்க. மாத்தின ஆயில் சில வாரத்துலயே திரும்பக் கறுத்தா ஸ்லேவ் முடியப் போகுது. ஸ்லேவ் ஒண்ணு இப்பவே வாங்கி வச்சிருங்க. அதுக்கு கியர்பாக்ஸ் இறக்கணும், அப்போ கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் பாத்துருங்க, ஃப்ளைவீல் டூயல் மாஸ் வகை, சாதா லேத்துல முகம் போட முடியாது.

தேவகோட்டை டிஸ்க் பிரேக்

யாரும் வாட்ச்மேன் பற்றிப் பேசவில்லையே. அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சும், அது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். எரிந்ததில் உண்டாகும் தண்ணீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். ஸ்டார்ட்டர் எடுத்த கரண்டை ஐந்து நிமிடத்தில் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்காது. ஓட்டினால் ஆயில் மீட்டர் 80-ஐத் தாண்டி இருபது நிமிடமாவது ஓட வேண்டும். காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போய்த் திரும்பினால் போதும். முடியாவிட்டால் தொடவே வேண்டாம்.

பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்றைப் போட்டுவிடுங்கள், தானாக நிற்கும் வகை. சாதா சார்ஜரை நாள்கணக்கில் மாட்டி வைத்தால் பேட்டரி வெந்துவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுசு, 12.4-க்குக் கீழே விட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படியும். மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரி இருக்கும் ஊர்ப்பக்கம் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மாடலில் பேட்டரி இறந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கதவைத் திறக்கும்போது கண்ணாடி அரை அங்குலம் இறங்கித்தான் ரப்பரை விடும், கரண்ட் இல்லாவிட்டால் இறங்காது. சாவியால் திறந்து வேகமாக இழுத்தால் கண்ணாடி ஓரம் ரப்பரைக் கிழிக்கும். பின் கதவும் கரண்டில்தான் திறக்கும், ஆகவே ஜம்பர் வயரைப் பின்னால் வைத்துப் பூட்டாதீர்கள். ஆரம்ப வருட வண்டிகளில் எலக்ட்ரானிக் ஸ்டியரிங் லாக் மாட்டிக்கொண்டு இக்னிஷன் வராமல் போவதும் நடக்கும், பேட்டரி தொய்ந்திருக்கும்போது அது கூடும்.

டயரைப் பாருங்கள். பட்டன் தேயாமல் இருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு ஏழு வருடம் தாண்டியிருந்தால் இந்தக் குதிரைசக்திக்கு அது ரப்பர் அல்ல, கல். 19 அங்குல வீல் என்றால் முன்னால் 245/40, பின்னால் 275/35, அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட முடியாது. ஓட்டும்போது குளிர்ந்த நிலையில் நான்கிலும் 35 பிஎஸ்ஐ. நிறுத்தும்போது 42 வைத்தால் ஒரே இடத்தில் தட்டையாவது குறையும். எடுக்கும் அன்று இறக்க மறக்கக்கூடாது. வீல் நட் 108 நியூட்டன் மீட்டர், ஏர் கன்னால் அறைந்தால் டிஸ்க் கோணும்.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ட்ரம்மில் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. டிஸ்க்கில் மேலோட்டமான துரு வந்தால் முதல் சில பிரேக்கில் போய்விடும், தெருவிலேயே மெதுவாக நாலைந்து தடவை பிடித்துப் பாருங்கள். கழுவிய உடன் மூடி வைத்தால் துரு இரட்டிப்பு. கழுவிய பின் பத்து கி.மீ. ஓட்டிப் பிரேக் காய்ந்த பிறகு நிறுத்துங்கள். உறை பருத்தித் துணியாக இருக்கட்டும். தார்ப்பாய் போட்டால் உள்ளே வேர்த்து பெயிண்ட்டில் வெள்ளைத் திட்டு விழும்.

எலிக்கு ஒரே மருந்தை நம்ப வேண்டாம். நெல், தேங்காய், வைக்கோல் எதுவும் அந்தக் கொட்டகையில் இருக்கக்கூடாது, எலி வருவதே அதற்குத்தான். ஏர் ஃபில்டர் பெட்டியின் முன்வாய் இரண்டிலும் கம்பி வலை வைக்கலாம், ஆனால் சாவியில் ஒரு சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுங்கள், எடுக்காமல் ஸ்டார்ட் செய்துவிடக்கூடாது. பானெட்டை இரவில் திறந்தே வைப்பதும் பலன் தரும், இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் கூடு கட்டாது. திறந்து வைத்தால் உள் விளக்கு எரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விஷம் வைத்தால் அது போய் ஹீட்டர் குழாயில் செத்துக் கிடக்கும், அப்புறம் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும்.